மூன்றாவது தாள்

திஜோன் அருகே, பிரான்ஸ்
12.6.1977

அன்புள்ள பிரபா,

வந்து சேர்ந்து ஒன்பது நாளாகிறது. நீயும் லதிகாவும் எப்படி இருக்கிறீர்கள்? அபுதாபியில் நம் தண்ணீர் பிளாண்ட்டுக்கு வரப்போகிற பம்ப்புகளை இங்கே தொழிற்சாலையில் அக்கக்காகக் கழற்றி மாட்டச் சொல்லித் தருகிறார்கள். நீ கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் அதற்குள் பாதி காலி. அக்டோபர் வரை எப்படி ஓட்டப்போகிறேனோ.

இன்று ஞாயிறு. அறையில் இருப்புக் கொள்ளவில்லை. விடுதிக்காரர் கொட்டகையிலிருந்து ஒரு பழைய சைக்கிளைத் தூசி தட்டிக் கொடுத்தார். ஊருக்கு வெளியே ஒரு கால்வாய், அதன் கரையோடு ஒரு ஒற்றைப் பாதை. சிரிக்காதே, மூலைக் கடைக்கே டாக்ஸி பிடிக்கிற உன் புருஷன் பதினான்கு கிலோமீட்டர் ஓட்டினேன். வழியில் வெள்ளை மாடுகள், ஒரு தூண்டில்காரர், அவ்வளவுதான். திரும்பி வரவே மனசில்லை.

பீரோ லாக்கரில் மூன்று வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், நினைவிருக்கிறதா? அங்கே எதற்குப் போனாலும் புருஷன் கையெழுத்துக் கேட்பார்கள். மேலே வேண்டியதை எழுதிக்கொள். அவசரத்துக்கு மட்டும். தபால் கொண்டுவந்து தருகிற நம் ஆபீஸ் நெய்னா முகம்மதுவிடம் எது வேண்டுமானாலும் சொல்லலாம். வெயிலில் அலையாதே.

உன்
முத்துராமன்

அபுதாபி
25.6.1977

லதிகாவின் அப்பாவுக்கு, பிரபா எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நெய்னா அண்ணன் நேற்றுக் கொண்டுவந்தார். "தங்கச்சி, மாப்பிள்ளை தபால் வந்துட்டு, இனி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடாதியோ" என்றார். அத்தனை தூரம் என் முகம் தெரிகிறது போலிருக்கிறது.

இங்கே நாலாம் மாடியில் ஜன்னலிலிருந்து கதவுக்குப் பதினோரு அடி. மத்தியானம் லதிகா தூங்கினதும் நடக்கிறேன். நேற்று எண்ணிப் பார்த்தேன், இருநூறு தடவைக்கு மேல். கீழே பள்ளம் தோண்டுகிறவர்கள்கூட இந்த வெயிலில் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள், நான் மட்டும் ஓயவில்லை.

ஒரு தாள் செலவாகிவிட்டது. கரண்ட் ஆபீஸில் மீட்டர் மாற்றக் கேட்டார்கள்.

இப்போது முக்கியமான சேதி. இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஒருத்தி பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள், திரும்ப மாட்டாளாம். என் பி.எஸ்சி., பி.டி. சர்டிபிகேட்டையும் கும்பகோணத்தில் நாலு வருஷம் வேலை பார்த்ததையும் பிரின்சிபாலிடம் காட்டினேன். செப்டம்பரில் சேரலாம் என்கிறார். நான் உங்கள் விசாவில் இருப்பதால் நீங்கள் சம்மதம் என்று ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் பத்துக்குள் வேண்டும். நாலு வரி போதும். நடந்தே போகிற தூரம், லதிகாவும் அங்கேயே படிப்பாள். உடனே எழுதுங்கள், காத்துக்கொண்டிருப்பேன்.

பிரபா

திஜோன் அருகே
7.7.1977

அன்புள்ள பிரபா,

கடிதம் கண்டேன். மீட்டர் மாற்றியது நல்லதாகப் போயிற்று. ரசீதைப் பத்திரமாக வை.

இங்கே சூரியன் இரவு ஒன்பதரைக்குத்தான் இறங்குகிறது. வேலை விட்டதும் தினமும் கிளம்பிவிடுகிறேன். கால்வாயில் படகு மேட்டுக்கு ஏற மதகுகள் கட்டியிருக்கிறார்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடித் தண்ணீர் விட்டால் படகு தானாக உயருகிறது. எட்டாம் மதகைப் பார்த்துக்கொள்கிறவர் மதாம் ஜெர்மேன் என்ற அம்மாள், அறுபது வயதிருக்கும். தன் மதகைத் திறந்து படகை அனுப்பிவிட்டு, சட்டென்று சைக்கிளில் ஏறி, படகுக்கு முந்தி அடுத்த மதகுக்குப் போய் அதையும் திறக்கிறார்! அவரோடு நானும் ஓட்டுகிறேன். மேட்டில் என்னை முந்திவிடுகிறார். என்ன தைரியம், என்ன சுறுசுறுப்பு! பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

எனக்கு இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. லதிகாவுக்கு முத்தங்கள். அவளை மாம்பழம் அதிகம் சாப்பிட விடாதே.

உன்
முத்துராமன்

அபுதாபி
18.7.1977

லதிகாவின் அப்பாவுக்கு,

கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கிழித்து உள்பக்கமும் பார்த்தேன். மீட்டருக்குப் பதில் இருக்கிறது, மாம்பழத்துக்குப் புத்திமதி இருக்கிறது. நான் கேட்டதற்கு இல்லை.

உங்கள் மதாமுக்கு என் நமஸ்காரம். ஒன்று மட்டும் அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். அவர் மதகு வேலைக்குச் சேர யார் கையெழுத்துப் போட்டார்கள்? சைக்கிள் ஓட்ட யார் சம்மதம் கொடுத்தார்கள்?

எனக்கும் ஒரு சைக்கிள் இருந்தது. பச்சை நிறம், முன்னால் கூடை, கூடையில் பரீட்சைப் பேப்பர். கல்யாணமாகி எட்டாம் நாள் "இனி எதுக்கு, நான் இருக்கேன்ல?" என்று சொல்லி, உங்கள் ஆபீஸ் கிளார்க்குக்கு அதை விற்றீர்கள். அன்றைக்கு அதைக் கொஞ்சல் என்று நினைத்துச் சிரித்தேன், பைத்தியக்காரி. அறுபது வயதுக்காரி ஓட்டினால் கும்பிடத் தோன்றுகிறது, கட்டின பெண்டாட்டி ஓட்டினால் மட்டும் ஊர் என்ன சொல்லும் என்று தோன்றுமா?

ஏ.சி. மாற்ற வீட்டுக்காரருக்கு இரண்டாவது தாளும் போய்விட்டது. மூன்றாவது லாக்கரில் இருக்கிறது. அதில் நானே எழுதிக்கொள்ளலாம், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இது மீட்டர் இல்லை, ஏ.சி. இல்லை. நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டுமென்று ஆசைப்படுகிறேன். அது தப்பா?

ஆகஸ்ட் பத்து. மறந்துவிடாதீர்கள்.

பிரபா

திஜோன் அருகே
6.8.1977

அன்புள்ள பிரபா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. முதல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். இரண்டு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நேற்று இருபது கிலோமீட்டர் தாண்டி பஞ்சர். சைக்கிளை உருட்டிக்கொண்டு எட்டாம் மதகு வரை நடந்தேன். மதாம் ஜெர்மேன் ஒரு வாளித் தண்ணீரில் டியூபை முக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினார். ஒட்டிக்கொண்டே "உங்கள் மனைவி ஓட்டுவார்களா?" என்று கேட்டார். ஓட்டுவாள், சைக்கிளை நான் விற்றுவிட்டேன் என்றேன். ஏன் என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் சொல்ல முடியவில்லை. அறைக்கு வந்து தமிழில் யோசித்துப் பார்த்தேன், அதிலும் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது பிரபா.

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடு. ஒரு மாதம் இதை எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு.

இன்னொரு சேதி. கம்பெனி என்னை இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்கிறது. குடும்பத்தைக் கூட்டிவர வழியில்லை. உங்கள் விசாவுக்கும் வீட்டுக்கும் அங்கே பழையபடியே எல்லாம் நடக்கும். எனக்கு இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. இந்தப் பாதையில் போகும்போது என் வயது குறைகிறது, பொய் சொல்லி என்ன பயன்? உனக்கும் வேலை கிடைத்துவிட்டது, பொழுது போய்விடும். செப்டம்பர் ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். நீ எது சொன்னாலும் சரி.

உன்
முத்துராமன்

அபுதாபி
20.8.1977

லதிகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. பத்தாம் தேதி கடந்து ஒரு வாரம்.

ஒன்பதாம் தேதி மத்தியானம் நெய்னா அண்ணன் வெறுங்கையோடு வந்து, "பிரான்ஸ் தபால் மாஃபி, வரலை தங்கச்சி. நான் என்ன செய்யட்டும்?" என்று வாசலிலேயே நின்றார். பாவம், அவர் செய்த குற்றம்போல. அவர் போன பிறகு லாக்கரைத் திறந்து மூன்றாவது தாளை எடுத்தேன். "என் மனைவி பிரபாவதி தங்கள் பள்ளியில் பணிபுரிய முழுமனதுடன் சம்மதிக்கிறேன்" என்று எழுதினேன். 'முழுமனதுடன்' என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். செப்டம்பர் மூன்றாம் தேதி ஆறாம் வகுப்புக்கு முதல் பாடம்.

உங்கள் சம்மதக் கடிதத்தையும் படித்தேன். "ஆட்சேபணை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதிய முத்துராமன் உங்களைவிடக் கொஞ்சம் தாராளமானவர். ஆனாலும் நிஜமானவர் எழுதியது இதுதான். மூன்றாவது தாள் இருந்த இடத்தில் அதை வைத்திருக்கிறேன். சைக்கிளைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். கோபம் பாதி போய்விட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பினதும் போன கோபம் திரும்பி வந்துவிட்டது.

பொழுது போக நான் வேலை கேட்கவில்லை. ஒரு வருஷத்தை என் தலையில் கட்ட இந்தச் சம்மதம் வந்ததோ என்று நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நினைக்கிறேன். மதாம் ஜெர்மேனோடு நீங்கள் ஓட்டுகிற பாதையில் எனக்குப் பொறாமை இல்லை. நீங்கள் கிளம்பிப் போன மாதிரி எனக்கும் கிளம்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். லதிகா மூன்று சக்கர சைக்கிள் கேட்கிறாள். முதல் சம்பளத்தில் இரண்டு சக்கரமே வாங்கப்போகிறேன். விழுந்து எழுந்து கற்றுக்கொள்ளட்டும், மொட்டைமாடியில் நான் பிடித்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இத்துடன் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். அடியில் என் கையெழுத்து இருக்கிறது. மேலே வேண்டியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் முழுமனதுடன் சம்மதிக்கிறேன் என்றும் எழுதலாம், ஒருவருக்கும் தெரியாது.

எழுதும்போது கை நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரபாவதி