இருபத்திரண்டு நிமிடப் பலாப்பழம்

6 ஜூலை 2009, திங்கள்

சீத்தாப்பழம் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். விஜி அக்கா வழக்கம்போல வானொலியில் வாசித்தார்கள். எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கே தினமும் நன்றி சொல்லலாம்.

வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஐந்து நாள். சமுதாய வானொலி; கல்லூரி வளாகத்தில் இரண்டு அறை, ஒரு கோபுரம், கம்பம் ஊரைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கேட்கும். 'பழமும் பாட்டும்' நிகழ்ச்சி பதினோரு மணிக்கு, அரைமணி நேரம். செப்டம்பர் கடைசி வரை எனக்குத் தற்காலிகம். அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஆலோசனைக் குழு முடிவு செய்யும். அனுப்பினால் பி.எஸ்சி. தாவரவியலை மடித்து வைத்துவிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். சித்தி மகள் அங்கே இடம் பார்த்து வைத்திருக்கிறாள்.

அம்மா வேலை செய்யும் தோட்டத்தில் நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறாள். "நீ எழுதுனதுன்னாக. கொரலு ஒன்னோடது இல்லையே?"

"வாசிக்கிறது விஜி அக்கா."

"அப்ப ஒனக்கு என்ன வேலை அங்கன?"

சீப்பை எடுத்தேன். அம்மாவுக்கு நான்தான் தலை வாரிக் கொண்டை போடுகிறேன், மதுரையில் படிப்பை முடித்து வந்த நாளிலிருந்து, நான்கு வருடமாக. பகல் முழுக்கத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கியே நின்று வேலை செய்கிறவளுக்குச் சாயங்காலம் கை தோளுக்கு மேலே போவதில்லை.

8 ஜூலை, புதன்

நதியாவிடமிருந்து பார்சல்! உள்ளே ஒரே ஒரு சிடி. அவள் அண்ணன் விஷால் பெங்களூரில் நண்பர்களோடு சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தது. ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிடம். எந்த வானொலியும் போட மாட்டேன் என்றுவிட்டதாம். "உங்க ரேடியோல போடுறதுக்கு அண்ணன் கையெழுத்துப் போட்டே குடுத்திருக்கான். நீயாவது போடுடி, அழுதுருவான் போல" என்று கடிதம்.

மதுரை விடுதியில் மூன்று வருடம் இந்த மாதிரி பாட்டுகளைத்தான் அவள் என் காதில் மாட்டிவிட்டாள். புராக்ரெசிவ் ராக் என்று பெயர். ஆங்கிலம் பாதி புரியாது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்லவும் தெரியாது. தெரிந்ததை வைத்துச் சொல்வேன். இது மாதுளை, உள்ளே அறை அறையாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள், எந்த அறையில் எத்தனை முத்து என்று எண்ணுவதற்குள் தாளம் மாறிவிடுகிறது. இது விளாம்பழம், வெளியே இருந்து தட்டினால் சத்தம் மட்டும்தான், உடைக்கப் பொறுமை இருந்தால் உண்டு. கிதார்க்காரர் தனியாகப் பத்து நிமிடம் வாசித்தால் சீத்தாப்பழம், சதையைவிடக் கொட்டை அதிகம், துப்பித் துப்பியே வாய் வலிக்கும்.

நதியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் பேச்சுக்கு யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை. கேலிச் சிரிப்பு இல்லை.

9 ஜூலை, வியாழன்

கேட்டேன். சந்தேகமே இல்லை. பலாப்பழம்.

13 ஜூலை, திங்கள்

விஜி அக்காவுக்கு ஒரு மாதம் முன்னாடியே வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை, இருவரும் நலம். அது நல்ல செய்தி. நிலையப் பொறுப்பாளர் ஏசுதாசன் சார் சொன்ன அடுத்த செய்தி: "பாண்டீஸ்வரி, இன்னைக்கு நீதான்மா வாசிக்கணும்."

நான் எழுதியதுதான். ஐந்து வரி வாசித்தேன். ஆறாவது வரியில் நின்றுவிட்டேன். மைக்குக்கு முன்னால் என் மூச்சு மட்டும் கேட்கிறது – பதினைந்து கிலோமீட்டருக்கு! கை தானாகப் பைக்குள் போனது. விஷாலின் சிடியைப் போட்டேன். இருபத்திரண்டு நிமிடம் நான் பேச வேண்டியதில்லை. பாட்டு முடிந்ததும் "வணக்கம்" என்றேன். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

சார் சிடியை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். திட்டாத மனிதருக்கு நன்றி.

14 ஜூலை, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்தால் அம்மா சிரிக்கிறாள். தெரிந்திருக்க வேண்டும் எனக்கு! எப்படி மறந்தேன்?

அம்மா வேலை செய்யும் வேலுச்சாமி ஐயாவின் பந்தலில் ஒரு வழக்கம். பதினோரு மணிக்கு டீ வரும். ரேடியோவில் ஒரு பாட்டு ஓடி முடிகிற வரை உட்காரலாம், முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து அதுதான் அளவு. இப்போது ரேடியோவுக்குப் பதில் கூட வேலை செய்யும் பஞ்சம்மா அக்காவின் சைனா போனைப் பந்தல் கல்தூணில் கட்டி வைக்கிறார்கள். ஒரு பாட்டு என்றால் நான்கு நிமிடம், மிஞ்சினால் ஐந்து.

நேற்று இருபத்திரண்டு.

"டீ குடிச்சோம். வெத்தல போட்டோம். இருளம்மா கால நீட்டிப் படுத்தே போனா. அது பாட்டுக்கு ஓடுது. ஆட்டுக்கல்ல உருட்டுற மாதிரி இருந்துச்சுடி, ஆனா நீ நல்லாருப்ப" என்றாள் அம்மா.

இன்றும் போட்டேன். பயத்தில் பாதி. மீதி அம்மாவுக்காக.

23 ஜூலை, வியாழன்

ஒன்பதாவது நாளாக அதே பாட்டு. அதற்கு முன்னால் நான்கைந்து நிமிடம் பேசுகிறேன். பழத்தைப் பற்றி ஆரம்பித்தால் பாட்டில் வந்து நிற்கிறது. வாழைப்பழம் நாம் கேட்கிற சினிமாப் பாட்டு, உரித்தால் வாய், மூன்று கடியில் முடிந்தது என்றேன். விதையில்லாத் திராட்சை ரேடியோவுக்காக வெட்டிச் சுருக்கிய பாட்டு. நம் பன்னீர் திராட்சையில் கொட்டை உண்டு, தோல் உண்டு, கடைசியில் மணம் உண்டு, அவசரப்படுகிறவர்களுக்கு அது இல்லை. மேகமலைக்காரர்கள் தாட்பூட் பழம் என்கிறார்களே, பேஷன் ஃப்ரூட், அது டிரம்ஸ் வாசிக்கிறவர், பார்க்கச் சுருங்கிப்போய் இருப்பார், உடைத்தால்தான் தெரியும்.

காகிதத்தில் இல்லாததை எல்லாம் சொல்லியிருக்கிறேன்! ஏசுதாசன் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மொத்தம் பதினெட்டுப் பேர் போன் செய்தார்கள். பதினெட்டுப் பேரும் ஒரே நம்பரிலிருந்து, பஞ்சம்மா அக்காவின் போன். "அந்த நீளப் பாட்டு நல்லாருக்கு, தெனமும் போடுங்க."

விஷாலுக்கு நதியா மூலம் செய்தி அனுப்பினேன். பெங்களூரில் பார்ட்டியாம்.

3 ஆகஸ்ட், திங்கள்

ஐயோ.

பதினோரு மணிக்கு வேலுச்சாமி ஐயா பந்தலுக்கு வந்திருக்கிறார். அறுப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, சொத்தைக் காய் பொறுக்கி முடியவில்லை. பதினெட்டுப் பெண்களும் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாட்டு முடியட்டும்னு நின்னாக. ஒரு எடத்துல நின்னுச்சு. 'முடிஞ்சிருச்சுல்ல, எந்திரிங்க'ன்னாக. எந்திரிச்சோம். திரும்ப டொய்ங்ங்னு வந்துருச்சு. ஒக்காந்தோம். மறுக்கா நின்னுச்சு. 'ஏய், எந்திரிங்க'. எந்திரிச்சோம். திரும்ப வந்துருச்சு. பஞ்சம்மா சும்மா இருக்காம, 'மொதலாளி, ஒங்கப்பா வச்ச அளவு, நாங்க மீறலாமா'ன்னுட்டா. மூணாந்தரம் நிக்கவும் அவுக வாயே தொறக்கல. செருப்பக் கழட்டிப் போட்டுக் கல்லு மேல ஒக்காந்துட்டாக."

சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. அவர் எங்கள் ஆலோசனைக் குழுவில் இருக்கிறார்.

5 ஆகஸ்ட், புதன்

வேலுச்சாமி ஐயாவின் புகார்க் கடிதம் வந்துவிட்டது. 'கூலியாட்களைக் கெடுக்கும் அந்நியப் பாட்டு.' வெள்ளிக்கிழமை பதினான்காம் தேதி குழுக் கூட்டம். ஏசுதாசன் சார், "நீ வந்து விளக்கம் சொல்லணும். அதுவரைக்கும் அந்தப் பாட்டு வேணாம்மா" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒன் வேலையையும் அன்னைக்கே பேசுறாக."

சின்ன வயதில் அம்மாவோடு பந்தலுக்குப் போவேன். ஐயா வந்தால் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அவர் முன்னால் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

7 ஆகஸ்ட், வெள்ளி

நான்கு நிமிட கும்மிப் பாட்டு போட்டேன். நான்கே நிமிடம். சாயங்காலம் அம்மா அடுக்கில் இருந்து உப்புச் சாடியை எடுக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள்.

12 ஆகஸ்ட், புதன்

விளக்கம் எழுதிவிட்டேன், நான்கு பக்கம். நல்ல தமிழ். வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

வாசிப்பேனா?

14 ஆகஸ்ட், வெள்ளி

வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வேலுச்சாமி ஐயா முதலில் பேசினார். "பாட்டுன்னா ஒரு அளவு வேணாமா? ஒரு பாட்டு ஒக்காருங்கன்னுதான் சொன்னேன். ஒரு பொழுது ஒக்காரச் சொல்லல." எல்லாரும் சிரித்தார்கள். "நம்ம சங்கிலியம்மா மகதான? சொல்லுத்தா, என்ன பாட்டு அது?"

ஒளிந்துகொள்ளச் சேலை இல்லை. வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"அது பலாப்பழம்யா."

"என்னது?"

"சினிமாப் பாட்டு வாழைப்பழம். இது பலா. கையில எண்ணெய் தடவணும், பால் ஒட்டும், முதல் சுளை வாரதுக்கே நேரமாகும். பாதியில எந்திரிக்க முடியாது."

"நான் பலா விக்கலத்தா. திராட்சை விக்கிறேன்."

"திராட்சையும் அப்படித்தான்யா. அறுப்பு முடிஞ்சதும் கொடிய ஒரு மாசம் சும்மா விடுறீங்க. அப்புறம்தான் கவாத்து வெட்டுறீங்க. ஏன்யா விடுறீங்க?"

"விடாட்டி அடுத்த வெள்ளாமைக்குக் கொத்து பிடிக்காதுல்ல" என்று சட்டென்று சொன்னார். சொன்ன பிறகு என்னைப் பார்த்தார்.

நான் அடுத்த வாக்கியத்தை யோசித்து வைத்திருந்தேன், அழகான வாக்கியம். அதை விட்டுவிட்டு வேறு ஒன்று வந்தது. "எங்கம்மாவுக்குக் கை தலைக்கு மேல போக மாட்டேங்குதுய்யா. நான்தான் தல வாரிவிடுறேன். நாலு வருசமா." பயத்தில் போடவில்லை என்று பொய் சொல்லவும் இல்லை. முதல் நாள் பயந்துதான் போட்டேன், பிறகு தெரிந்தே போட்டேன் என்றும் சொன்னேன்.

பிறகு ஐயா, "அந்தப் பாட்ட முழுசாப் போடுங்க. என்னதான் இருக்குன்னு பாப்பம்" என்றார்.

குழுவில் ஏழு பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் இடத்தில் பாட்டு நின்றதும் ஐயா எழுந்தார். டொய்ங். உட்கார்ந்தார். இரண்டாவது இடத்தில் பாதி எழுந்தார். மூன்றாவதில் அசையவே இல்லை, கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தால் தொடையில் விரலால் தாளத்தை ஏழேழாக எண்ணிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், "தண்ணி குடுங்கப்பா" என்றார். குடித்தார். "இருவது நிமிசம். பாட்டு ஓடுனாலும் ஓடாட்டியும். போதுமா? அந்தக் கடிதாசியக் குடுங்க இங்கன." வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பி, "அந்த ரெண்டு நிமிசத்தக் கேக்காத" என்றார்.

என் வேலையைப் பற்றிச் செப்டம்பரில் பார்க்கலாம் என்றார்கள். பரவாயில்லை. இன்றைக்கு இது போதும், போதும், போதும்.

17 ஆகஸ்ட், திங்கள்

பதினோரு மணி. சிடியை எடுத்து உறையிலிருந்து உருவுகிறேன், போன் அடிக்கிறது. நேரடி ஒலிபரப்பில் இணைத்தேன்.

"ஆத்தா பாண்டீசு, பஞ்சம்மா பேசுறேன். நல்லாருப்ப. இனிமே அந்தப் பாட்டப் போடாத."

"ஏன்க்கா? பிடிச்சிருக்குன்னீகளே?"

"யாருக்குப் பிடிச்சது? ஒக்காரணுமேன்னு பொறுத்துக்கிட்டு இருந்தோம். தல கிறுகிறுங்குது. அதான் இப்பச் சும்மாவே ஒக்காரச் சொல்லிட்டாகல்ல. நீ பேசு, கேப்போம்."

மைக் திறந்திருப்பதை மறந்து சிரித்துவிட்டேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருப்பதே எனக்குத் தெரியாது. கம்பம் முழுக்கக் கேட்டிருக்கும்.

விஷாலிடம் மட்டும் இதைச் சொல்லக் கூடாது.

1 செப்டம்பர், செவ்வாய்

கொய்யா. பத்து நிமிடம் பேசினேன்.

11 செப்டம்பர், வெள்ளி

இலந்தை. பதினான்கு நிமிடம். விஜி அக்கா குழந்தையோடு வந்தார்கள். "நான் திரும்பி வந்தா கதை நிகழ்ச்சிக்குப் போறேன், பழத்த நீயே வச்சுக்க" என்றார்கள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீ ஒரு மாதம் முன்னால் வந்ததற்கு நன்றிடா பயலே.

30 செப்டம்பர், புதன்

இன்று பப்பாளி. பேசி முடித்து நிமிர்ந்தால் மணி பதினொன்று இருபத்தைந்து. பெட்டியிலிருந்து சிடியை எடுக்கவே இல்லை. வெளியே வந்தபோது ஏசுதாசன் சார் ஒரு கவரைக் கொடுத்தார். ஏழு கையெழுத்து. மூன்றாவது வேலுச்சாமி ஐயாவுடையது, கட்டத்தைத் தாண்டிப் பெரிதாக.

திருப்பூருக்கு வரவில்லை என்று சித்தி மகளுக்கு எழுத வேண்டும். நதியாவுக்கும்.

சாயங்காலம் சீப்பை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். கொல்லையில் முதுகைக் காட்டி நின்று, ஆட்டுக்கல் என்று சொன்னாளே, அந்தப் பாட்டின் கடைசி இடத்தை என்னவோ மாதிரி முனகிக்கொண்டிருந்தாள். கொண்டை ஏற்கெனவே போட்டிருந்தது. கோணலாக இருந்தது, ஒரு கற்றை வெளியே தொங்கியது.

நான் அதைச் சரி செய்யவில்லை.