கடற்கரையில் பறித்த கொடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்கா புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள், மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஓடாது. அவள் குழந்தை தவழ ஆரம்பித்து, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கிறாள், தாய்மாமனைப் போல ஆராய்ச்சிக்காரியாக வருவாள் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், பதறாமல் படி. உன் கட்டுரை வந்ததிலிருந்து ஹெர்பேரியத்தில் எனக்கு வேலை கூடிவிட்டது. பன்னிரண்டு வகைக் காட்டுப்பயற்றையும் ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள், நீ பாட்டுக்கு ஐந்தைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கிப் புதுப்பெயரும் வைத்துவிட்டாய். உலர்ந்த செடி ஒட்டிய தாள்களைப் பழைய உறையிலிருந்து புது உறைக்கு மாற்றுவது யார், உன்னைப் பெற்றவள்தான். செடிகளை அடையாளம் பார்க்கும் எங்கள் மூத்த சாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "பூவுக்குள்ள ஒரு மகரந்தக் கம்பி தனியா நிக்குதுன்னு குடும்பத்தையே ரெண்டாக்கிட்டான் உங்க பையன், அது மலைக் காத்துக்கு வந்த மாற்றமா இருக்கும்" என்று என்னிடமே குறைபட்டுக்கொள்வார், உன் புதுப்பெயரை இரண்டு வருடமாக வாயால்கூடச் சொன்னதில்லை.

போன செவ்வாய்க்கிழமை, பழைய பேரினத்திலேயே இருக்கட்டும் என்று நீ விட்ட தாள் ஒன்றில் தண்டு கழன்றிருந்தது, தைக்க எடுத்தேன். மூலையில் ஒட்டியிருந்த காகிதப் பொட்டலம் பிரிந்து ஒரு பூ மேசையில் விழுந்தது. சும்மா இராமல் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது கம்பி சேர்ந்து, ஒன்று தனியாக. போனில் நீ நூறு தடவை சொல்லி எனக்கே மனப்பாடமான உன் புதுப் பேரின அடையாளம். உன் ஐந்து வகைக்கும் மலைச்சரிவுதான் சொந்த இடம், கீழே இறங்கவே இறங்காது என்றல்லவா எழுதியிருக்கிறாய். லேபிளிலோ கடற்கரை மணல் என்று இருக்கிறது, அறுபது வருடத்துக்கு முந்தைய கையெழுத்து. நெடுந்தூரம் படர்ந்து கிடக்கிறது, பக்கத்தில் வீடோ வயலோ கிடையாது என்றும் எழுதியிருக்கிறார்கள். யாரோ கொண்டுவந்து நட்டது என்று சமாளிக்கவும் வழியில்லை.

உன்னிடம் மறைப்பானேன், அறையில் யாருமில்லை, பூவைப் பொட்டலத்தில் போட்டு மூடிவிட்டால் இன்னும் இருபது வருடத்துக்கு அந்த உறையை யாரும் தொடமாட்டார்கள் என்று தோன்றியது. கை உறைவரை போயும்விட்டது. அப்புறம், இத்தனை வருடம் யார் யாரோ பறித்ததையெல்லாம் ஒரு இலை உதிராமல் தைத்து வைத்தவள், பிள்ளைக்காக ஒரு பூவை ஒளிப்பதா என்று என் மேலேயே கோபம் வந்தது. தாளோடு போய் சார் முன்னால் வைத்தேன். அவர் பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்து, வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்து, "பிரிச்சது சரிதாம்மா. கடற்கரையிலயும் அந்தக் கம்பி தனியாத்தான் நிக்குது, அப்போ இது இடத்தால வந்த மாற்றமில்ல. மலையில மட்டும்னு எழுதினதுதான் அவசரம்" என்றார். திருத்தத்தை நீயே எழுத வேண்டுமாம், அதுவரை அவர் இதைப் பற்றிக் கட்டுரை எதுவும் எழுதப்போவதில்லையாம். பிறகு ஒரு சின்னச் சீட்டை எடுத்து, நீ வைத்த பெயரைத் தன் கையால் எழுதித் தேதி போட்டு, ஒட்டச் சொல்லி என்னிடம் நீட்டினார். பசை தடவி ஒட்டி, தாளை உன் புது உறைக்கு மாற்றினேன்.

செடி எங்கெங்கே வளர்கிறது என்று உன் கட்டுரையில் போட்ட வரைபடத்தில் கடற்கரை ஓரமாக ஒரு புள்ளி கூடப்போகிறது, அவ்வளவுதான், அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், தீர்க்காயுசாக இரு. மறக்காமல் சாருக்கு நீயே முதலில் போன் பண்ணு, பதினோரு மணிக்கு மேல் இருக்கையில் இருப்பார்.

உன் நலமே நினைக்கும்
அம்மா