கொடி பறக்கும் பக்கம்

18.6.1998, வியாழன்

பாய்மரக் கப்பல் பொம்மை முடிந்தது என்று மத்தியானம் சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று மாத வேலை. பாய்மரத்துக் கயிறுகளைக் கட்டவே பதினெட்டு நாள் ஆனது. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பாயெல்லாம் முன்னாடி உப்பியிருக்கு. கொடி மட்டும் ஏங்க பின்னாடி பறக்குது?"

"தேர் போறப்ப கொடி பின்னாடிதானே பறக்குது?" என்றேன்.

"தேர ஜனங்க முன்னாடி நின்னு இழுக்கறாங்க. இத காத்துதானே பின்னாடியிருந்து தள்ளுது?"

கடலையே பார்க்காதவள் எனக்குக் கப்பல் சொல்லித் தருகிறாயா என்று கத்திவிட்டேன். நானும்தான் பார்த்ததில்லை.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். கயிற்றில் காய்ந்த அவள் புடவை காற்றில் ஒரு பக்கமாக உப்பியிருந்தது. முந்தானையும் அதே பக்கம்தான் பறந்தது. இறங்கி வந்து கப்பல் கொடியைப் பிய்த்தெடுத்தேன்.

கப்பல் கேட்டவர் நாளை பத்து மணிக்குச் செங்கம் ரோட்டிலிருந்து வருகிறார். முப்பது வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். பிடித்துவிட்டால் இன்னொன்றும் செய்யச் சொல்லியிருக்கிறார். அவர் முன்னால் மானம் போயிருக்கும். இப்போது அந்தப் பயம் இல்லை. கயிறுகளும் நன்றாகவே வந்திருக்கின்றன.

சரோஜா சோறு போட்டாள், பேசவில்லை. புதுக் கொடி வெட்டிக் கப்பல் பக்கத்தில் பசையோடு வைத்திருக்கிறேன். காலையில் காப்பி கொண்டுவரும்போது அவளையே ஒட்டச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.