பாதிப் பாதி

கீல்,
10 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

போதுமான அளவு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் என்று ஹூசும் வீடு உனக்குப் போனபோது பேசவில்லை. லத்தீன் வாத்தியாரான எனக்குத் தலைமையாசிரியர் பதவி எதற்கு என்று எல்லார் முன்னாலும் நீ சிரித்தபோதும் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் சமையலறையில் பார்த்ததைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

காப்பிக்குப் பால் எடுக்க உள்ளே வந்தேன். நம் இருவருக்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்த கேப்சூல்களை ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கையால் கலந்துகொண்டிருந்தாய்.

"என்ன பண்றே அக்கா?"

"கத்தாதேடா. பாதிப் பாதி."

"இது கேக் இல்ல, ஆராய்ச்சி!"

"ஒரு டப்பால மருந்து, இன்னொண்ணுல வெறும் மாவுன்னு வச்சுக்கோ. உனக்கு மாவு, எனக்கு மருந்துன்னா நான் எப்படிடா தூங்குவேன்?"

நம் வீட்டில் ஒருவர் கேக்கை வெட்டினால் மற்றவர்தான் முதலில் எடுக்க வேண்டும். அம்மாவின் சட்டம். அதைக் கல்லீரல் வரைக்கும் கொண்டுவந்தவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். அந்த முட்செடி விதைச் சாறு ஹெபடைடிஸுக்குக் கேட்குமா என்று பார்க்கத்தான் யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்று டாக்டருக்கே தெரியாமல் கொடுக்கிறார்கள். மாதாமாதம் இரண்டு டப்பாவையும் நீயே வாங்கி வந்து, எத்தனை மாதமாக இப்படிக் கலந்து எனக்குக் கொடுக்கிறாய்? டாக்டர் ரீக்கனிடம் நீயே சொல்லிவிடு.

உன் தம்பி,
வீலாண்ட்

*

ஹூசும்,
17 மார்ச் 1996

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாயே, அதைப் பற்றி ஒரு வரி மன்னிப்பு இல்லை.

ஆமாம், முதல் மாதத்திலிருந்தே கலக்கிறேன். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ரத்தத்தில் பார்ப்பார்களே, உனக்கு அந்த எண் இறங்கியிருக்கிறது, எனக்கும் இறங்கியிருக்கிறது. பாதி மருந்துக்கே இவ்வளவு! ஹெபடைடிஸுக்கென்று இருக்கிற ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். "எனக்கு இதுவே கேக்குது டாக்டரம்மா, ஊசியெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டு ஹெல்காவைப் போன குளிர்காலம் நீ பார்க்கவில்லை. அதே ஊசி, வாரம் மூன்று. காய்ச்சல், முடி கொட்டல். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பால்காரரைப் பார்த்து அழ ஆரம்பித்தவள் சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்கு அது வேண்டாம்.

கலந்ததைச் சொன்னால் இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள், கேப்சூல் நின்றுபோகும். சும்மா இரு. ஈஸ்டருக்கு வா. உனக்குப் பிடித்த மாதிரி மீனை வினிகரில் ஊறப்போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா அல்மூட்

*

கீல்,
26 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

உனக்கு ஏதாவது என்றால் சொல்ல வேண்டிய ஆள் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாய். அதனால் டாக்டர் ரீக்கன் என்னைக் கூப்பிட்டார். உன் ஈரலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைப் பார்த்துவிட்டார்கள். ஈரல் இறுகிக்கொண்டே போகிறதாம். ரத்தத்தில் அந்த எண் தானாகவே ஏறும், இறங்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம்.

"கேப்சூல்தான் காப்பாத்துதுன்னு உங்க அக்கா நம்பறாங்க. அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. ஊசி போடறதுக்கு இதுதான் நேரம். அடுத்த வருஷம் வந்தா என்னால போட முடியாது" என்றார்.

என் ஈரல் நன்றாக இருக்கிறது. வீட்டைப் போலவே நோயிலும் பெரிய பங்கு உனக்கு. இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே நோயில் அம்மாவின் வயிறு வீங்கியதையும், கடைசி வாரத்தில் அவளுக்கு நம் பெயர்கள் மறந்துபோனதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நீ. உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஈஸ்டர் வரை பொறுக்கிறேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

உன் தம்பி,
வீலாண்ட்

*

ஹூசும்,
1 ஏப்ரல் 1996

வீலாண்ட்,

அம்மாவை இழுத்திருக்க வேண்டாம்.

உனக்கு என்மேல் இருப்பது அக்கறையா, வீட்டுக் கணக்கா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்காவது தெரியுமா? நாற்பது வருஷமாக யார் சொன்னது சரி என்று என்னோடு மல்லுக்கட்டுகிறாய். ஜெயிக்க உனக்கு நல்ல சமயம் கிடைத்திருக்கிறது.

நான் காலையில் அந்தக் கேப்சூலை விழுங்கும்போதுதான் பயமில்லாமல் இருக்கிறேன். அதை என்னிடமிருந்து பிடுங்கினால், பிறகு எனக்கு எழுதுவதில் 'உன் தம்பி' என்று போடாதே. அப்படி ஒருவன் எனக்கு இல்லை.

அல்மூட்

*

கீல்,
11 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

நீ சொல்லவில்லை. நேற்று நேரில் போய் நான் சொல்லிவிட்டேன். டாக்டர் ரீக்கன் திட்டவில்லை. "ஒரு வருஷ வேலை. சரி, ரெண்டு பேர் போனா போகட்டும்" என்று சொல்லிவிட்டு யாருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த நம் இருவரின் உறைகளையும் திறக்க ஏற்பாடு செய்தார்.

உனக்கும் எனக்கும் மாவுதான், அக்கா. இரண்டு டப்பாவிலும். நீ அத்தனை கவனமாகக் கலந்து எனக்குப் பாதி கொடுத்ததில் மருந்து ஒரு துளிகூட இல்லை. அந்தச் செடி யாருக்காவது கேட்குமா என்பது எனக்குத் தெரியாது. உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அது இல்லை என்பது மட்டும் தெரியும்.

உறையைத் திறந்தபோது எனக்கு ஜெயித்த மாதிரி இருக்கும் என்றுதானே நினைக்கிறாய்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காகிதத்தைப் படித்ததும் டாக்டரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் ஊசிக்கு உனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால், நான் வந்து உன் மாடி அறையில் இருப்பேன், பள்ளிக்கூடத்தில் கோடை வரை விடுப்பு கேட்டிருக்கிறேன். நீ அழுதால் ஏன் என்று கேட்க மாட்டேன். பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். சாப்பாடு நானே செய்துகொள்வேன், சகிக்காது, அதைப் பற்றித் திட்டுவதற்காகவாவது வாயைத் திறப்பாய்.

அரை மணி நேரமாகக் கடைசி வரியில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப் போடக் கூடாது என்று நீ சொல்லிவிட்டாய். உனக்கு எழுதும்போது வேறு எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.