இரண்டு கோப்பைகள் ஆறிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை

ஸல்த்
ஞாயிறு மாலை

அன்புள்ள முஃதஸிம்,

உங்கள்மீது இறைவனின் அமைதி உண்டாகட்டும். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. முக்கால்வாசி உண்மை, எழுதிவிடுகிறேன். தாலாவின் இருமல் நின்றுவிட்டது. யமான் கணக்கில் தேறிவிட்டான், எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை. மாமாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவர் வாய்தான் கட்டுக்குள் இல்லை. உங்கள் தங்கை கல்யாணத் துணியை மூன்றாவது முறையாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி, சரி" என்று விடுவீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. உங்கள் மாமன் மகன் மஸ்கட் வருகிறான். ஆலிவ் ஜாடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஜாடியை அப்புறம் திறங்கள்.

போன திங்கட்கிழமை நடந்ததை நான் உங்களிடம் சொல்லவில்லை. திங்கள் நமக்குத் தண்ணீர் வரும் நாள், மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் மோட்டாரைப் போட்டேன். துணி ஊறவைத்தேன், பருப்பு சூப்பை அடுப்பில் ஏற்றினேன், மாமாவுக்கு ஊசி போட்டேன். அப்போது எங்கள் லேபிலிருந்து போன். இரத்தம் எடுக்கிற பெண் வரவில்லை, வாசலில் கூட்டம் நிற்கிறது, உடனே வா என்றார்கள். அடுப்பை அணைத்தேன், ஓடினேன். மோட்டார் நினைவே இல்லை. மாமா காதுக் கருவியைக் கழற்றிவிட்டுத் தூங்கிவிட்டார். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, படிக்கட்டு முழுக்க ஆறாய் ஓடியிருக்கிறது. ஒரு வாரத் தண்ணீர்!

நான் வந்தபோது கீழ்வீட்டுக்காரி உம் சலாமா கையில் துடைப்பத்தோடு நின்றாள். "ஏம்மா, ஊரே சொட்டுத் தண்ணிக்குத் தவம் கெடக்கு, நீ என் வாசலுக்கு ஊத்துறியே, நான் என்ன ரோஜாச் செடியா?" என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. ஈரப் படியிலேயே உட்கார்ந்து, பிள்ளைபோல விம்மி விம்மி அழுதேன். அவள் பயந்துபோய்த் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தண்ணி போனா போகட்டும்டி. உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். யார் எது கேட்டாலும் தலையை ஆட்டி ஆட்டி, எதையும் உருப்படியாகச் செய்ய முடியாமல் ஆகிவிட்டேன் என்பது அன்றுதான் உறைத்தது.

அன்று முதல் சில வேலைகளைக் கைகழுவினேன். யமான் துணி காயப்போடுகிறான், கோணலாகத்தான். உங்கள் தங்கையிடம், தையற்காரியை நீயே போய்ப் பார் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு போனாள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தொழுகை முடிந்ததும் எங்கள் லேப் முதலாளி டாக்டர் அபூ ரக்கான், தன் குடும்பத்துப் பெரியவர்கள் இருவரோடு நம் வீட்டுக்கு வந்தார். மாமா கசப்புக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். டாக்டர் வாங்கினார், குடிக்காமல் கீழே வைத்தார். பெண் கேட்க வருகிறவர்களும், கொலைக்குச் சமாதானம் பேச வருகிறவர்களும் வைப்பதுபோல! "உங்க மருமக புதுக் கிளையையும் சேர்த்துப் பாத்துக்கணும். சரின்னு சொன்னாத்தான் குடிப்பேன்" என்றார். அதோடு நின்றாரா? "மஸ்கட்டுக்குப் போன் போட்டுப் பேசிட்டேன். உங்க மகன், அவ கெட்டிக்காரி, சமாளிச்சுக்குவான்னுட்டாரு" என்றார்.

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், முஃதஸிம். காது சுட்டது.

மாமா "குடிங்க" என்று சொல்ல வாயெடுத்தார். அந்த ஒரு வார்த்தை போதும், என் கதை முடிந்தது. நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். "மாமா, அவர் கேக்குறது உங்க நிலத்தை இல்ல, என் உழைப்பை. பதிலை நான் சொல்றேன்" என்றேன். டாக்டரைப் பார்த்து, "காப்பி ஆறிடுச்சுன்னா சூடா வேற தரேன் டாக்டர், அலுத்துக்க மாட்டேன். ரெண்டு கிளை மட்டும் என்னால முடியாது" என்றேன்.

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் இந்த வீட்ல குடிக்காமலே எந்திரிச்சுப் போகவா?" என்று கேட்டார். மாமா வெளிறிப்போனார். விருந்தாளி வைத்த காப்பியைக் குடிக்காமல் போனால் அது இந்த வீட்டுக்கே அவமானம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு கோப்பையில் எனக்கு ஊற்றிக்கொண்டு, அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கும் ஒரு கோரிக்கை இருக்கு டாக்டர். நான் என் கிளையிலயே இருக்கணும். இரத்தம் எடுக்க இன்னொரு ஆள் போடுங்க. திங்கக்கிழமை மதியத்தோட என்னை விடுங்க. புதுக் கிளைக்கு நீங்க எடுக்குற ஆளுக்கு ஒரு மாசம் நானே வேலை சொல்லித் தரேன். இது நடக்காம நானும் குடிக்க மாட்டேன்."

இரண்டு கோப்பைகளும் ஆறிக்கொண்டிருந்தன. கடைசியில் டாக்டரோடு வந்த பெரியவர்களில் ஒருவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அபூ ரக்கான், நாப்பது வருசமா சபையில உக்காந்திருக்கேன். கேக்க வந்தவன்கிட்டயே திருப்பிக் கேட்ட வீட்டை இன்னிக்குத்தான் பாக்குறேன். அவ கேக்குறது நியாயம்யா, விடு" என்றார். மாமா உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க வீட்டு மருமக!" என்றார். ஒரு நிமிடம் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கப் பார்த்தவர்!

டாக்டர் பெருமூச்சு விட்டு, "குடிம்மா" என்றார். குடித்தேன். அவரும் குடித்தார், வந்த காரியம் ஆகாமலே. நல்ல மனிதர்தான்.

இனி உங்களுக்கு. உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். நேற்றுவரை இருந்தது. அந்த வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, அலுப்பில் ஏதோ சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன், தணிந்துவிட்டது. உங்களையும் அங்கே எல்லோரும் கெட்டிக்காரன் என்றுதானே சொல்லுவார்கள்?

இறைவன் உங்கள் உடம்புக்கு நலத்தையும் உறக்கத்தையும் தரட்டும். அடுத்த முறை போன் செய்யும்போது, பிள்ளைகள் எப்படி, அப்பா எப்படி என்று கேட்பதற்கு முன்னால், உன்னால் முடிகிறதா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடிகிறது என்றுதான் சொல்வேன். இருந்தாலும் கேளுங்கள்.

உங்கள்
ருதைனா