சீட்டின் உயரம்

ஜூன் 4

இறைவன் துணை

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே நானும் மாமாவும் நலம். காலையும் மாலையும் கண்ணை மூடினால் உங்களுக்குத்தான் முதல் வேண்டுதல். போனில் பேசினால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். கேட்காத மாதிரி இருந்தார். சாயங்காலம் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னார். "உங்க பையன் வர இன்னும் ஆறு மாசம் இருக்கே மாமா" என்றேன். இருக்கட்டும், மடிப்பு நிற்கட்டும் என்றார்.

நீங்கள் ஆர்டர் போட்ட சைக்கிள் சாமான்கள் வந்து சேர்ந்தன. முன்னால் மாட்டும் கூடை, கேரியருக்கு முதுகுச் சாய்மானம், பின்னால் உட்காருபவர் கால் வைக்க மிதி. எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளக்கின்றன. ஒன்றுகூடச் சேரவில்லை. கூடையை மாட்டினால் பிரேக் பிடிக்க முடியவில்லை, பிரேக்கைப் பிடித்தால் கூடை கழன்று வருகிறது. சாய்மானத்தின் கிளாம்ப் நம் கேரியர் கம்பியைக் கவ்வ மாட்டேன் என்கிறது. மாமாவை முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அதில் வைத்துத்தானே கூட்டிப் போகிறேன். சாய ஒன்று இருந்தால் எனக்கும் பயம் குறையும்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிவதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. பிறகு ஒரு பெண் வந்து, ஆர்டர் போட்டவர் பேசினால்தான் திருப்பி எடுப்போம் என்றாள். "அவர் எங்கிட்டயே ரெண்டு நிமிஷம்தாம்மா பேசுறார். உங்க பாட்டைக் கேக்க அவருக்கு ஏது நேரம்?" என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு ஒரு புகார் எண்ணைக் கொடுத்தாள்.

நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

உங்கள் கணக்குப்பிள்ளை


ஜூன் 21

என் அன்புக் கணக்குப்பிள்ளைக்கு,

இங்கே நலம். கம்பெனிக்கு எழுதிவிட்டேன். ஆனால் சாமானில் தப்பு இருக்க முடியாது. உன் லேடீஸ் சைக்கிளுக்கென்றே தேடித் தேடி வாங்கியது. மாட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பார். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய சைஸ் சாய்மானம் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்கு வருவது பற்றி மேலிடத்தில் பேசியிருக்கிறேன். விரைவில் நல்ல பதில் வரும். அதுவரை பொறுத்துக்கொள். அப்பாவைப் பத்திரமாகக் கூட்டிப் போ.

அன்புடன்
நான்தான்


ஜூலை 9

இறைவன் துணை

என் அன்புக்குரியவருக்கு,

பெரிய சாய்மானமும் வந்தது. முதலில் வந்தது கவ்வ மறுத்தது, இது கவ்வியதும் நழுவுகிறது. பழைய துணியைச் சுற்றி இறுக்கிப் பார்த்தேன். மாமா சாய்ந்தார், சாய்மானமும் கூடவே சாய்ந்தது. நல்லவேளை, வாசலிலேயே சோதித்தோம்.

தெருமுனை மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வேறு வண்டிக்கு வாங்கினதும்மா என்றார். அப்போதுதான் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். லேடீஸ் சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம் மகள் விடுதிக்கு எடுத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கே எழுதினேன், நீங்களும் நல்லது என்று பதில் போட்டீர்கள். நான் ஓட்டுவது உங்கள் சைக்கிளை. பார் வைத்தது, கனத்த கேரியர் போட்டது. முதலில் நான் காலைத் தூக்கிப் போட்டு நின்றுகொள்வேன், பிறகு மாமா படியிலிருந்து ஏறுவார்.

சீட்டை அடிவரை இறக்கியும் எனக்கு நுனிக்கால்தான் தரையில் படுகிறது. சீட்டைத் தாங்கும் குழாய் உள்ளே முட்டி நிற்கிறதாம். கீழே கொஞ்சம் வெட்டினால் இன்னும் இறங்கும், ஆனால் பிறகு உயரமான ஆள் ஓட்ட முடியாது என்றார் மெக்கானிக். வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உயரமான ஆள் டிசம்பரில் வருகிறார் என்றேன்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம், விரைவில் நல்ல பதில் வருமாம், அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். அதையும் உங்கள் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தப்பாக நினைக்காதீர்கள். கையெழுத்தை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்வது கஷ்டம். ஒப்பந்தம் முடிந்தவர் வீட்டுக்கு வர மேலிடத்தில் என்ன பேச வேண்டும்?

மாமா ஒரு வார்த்தைதான் சொன்னார். "சாமானா வந்துக்கிட்டே இருக்கு. ஆளைத்தான் காணோம்."

உங்கள் கணக்குப்பிள்ளை


ஆகஸ்ட் 16

என் அன்புக் கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை உடனே எடுத்துப் பதில் எழுத முடியவில்லை. சைக்கிள் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். என் வண்டியை நீ ஓட்டுவாய் என்று நினைத்தே பார்க்கவில்லை. குழாயை மட்டும் வெட்டிவிடாதே.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இங்கே இன்னொரு ஒப்பந்தம் நீட்டியிருக்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பணத்துக்காக மட்டும் யோசிக்கிறேன் என்று நினைக்காதே. இங்கே நான் ஒரு நாள் வராவிட்டால் தேடுவார்கள். அங்கே கரண்ட் பில், ஆஸ்பத்திரி, அப்பா, இப்போது சைக்கிளும்கூட, எல்லாம் நீயே பழகிவிட்டாய். நான் வந்து எந்த மூலையில் உட்காருவேன் என்று சில நாள் தோன்றுகிறது. இன்னும் ஒரே ஒரு தடவை, பிறகு நிச்சயம்.

கண்ணாடியும் மணியும் அனுப்பியிருக்கிறேன். இவை எந்தச் சைக்கிளுக்கும் சேரும் என்று போட்டிருக்கிறது.

அன்புடன்
நான்தான்


செப்டம்பர் 2

இறைவன் துணை

என் அன்புக்குரியவருக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. போன வாரம் ஆஸ்பத்திரி திருப்பத்தில் ஒரு வேன் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது, என் கால்தான் எட்டவில்லை. இரண்டு பேரும் சாய்ந்துவிட்டோம். மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு அதுவும் இல்லை. ஆண்டவன் கைகொடுத்தான். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, பிரேக் நல்லா இருக்கு என்றார் மாமா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பயிற்சிக்குப் போகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே மெக்கானிக்கிடம் போனோம். அவர் ரம்பத்தை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மாமாதான் சொன்னார். "என் பையனுக்கு வேணும்னா அவன் வந்து புதுசு வாங்கிக்குவான். நீ வெட்டுப்பா."

வெட்டியாயிற்று. இப்போது இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படுகின்றன.

எல்லாம் பழகிவிட்டாய் என்று எழுதியிருந்தீர்கள். பழகவில்லை. நுனிக்காலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே உங்களைத் தேடுவார்கள் என்றால் கையெழுத்துப் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். இங்கே தேடவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். மாமாவின் சட்டை இஸ்திரி மடிப்போடு இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது. தூசி படுகிறதென்று நான்தான் எடுத்து எடுத்து உதறி மாட்டுகிறேன்.

கண்ணாடியும் மணியும் வந்தன. பிரிக்கவில்லை. கம்பெனிப் புகாரை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இனி எந்தச் சாமானும் அனுப்ப வேண்டாம்.

வெட்டின துண்டை ஒட்ட முடியாதாம். புதுக் குழாய் கடையிலேயே இருக்கிறது. எந்த நீளம் வாங்கி வைக்கட்டும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "எழுதிக் கேட்டெல்லாம் வாங்க முடியாதும்மா. ஆள் வந்து சீட்டுல உக்காரணும், அப்பத்தான் அளவு சொல்ல முடியும்" என்றார்.

உங்கள் கணக்குப்பிள்ளை