நிழலுக்கு ஒரு வசனம்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். நேற்று கொடியில் காயப்போட்ட துணி மறுபடி ஈரம். செங்கையில் ஆறு மணி ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. கொளவாய் ஏரி மேல் பனி, எது தண்ணீர் எது வானம் என்று பிரியவில்லை. பரனூர் வருவதற்குள் தூங்கிவிட்டேன். கனவில் தேவா ஏரி மேல் நடந்து எனக்கு டீ கொண்டுவருகிறார். கட்டிய புருஷன் நிஜத்தில் அடுப்பங்கரை வரை கூட வந்ததில்லை.

கோடம்பாக்கம் ஸ்டுடியோ. 'ஐவர் படை' இரண்டாம் பாகம், எபி. 22 டப்பிங். அங்கே எவனோ வெளிநாட்டில் குதிக்கிறான், இங்கே நாங்கள் தமிழில் மூச்சு வாங்குகிறோம். ஐவரில் நான் நிழல். முகமூடி போட்ட பெண். இன்றைய வேலை:

ஓடி மூச்சு இரைப்பது.
விழுவது, இரண்டு விதமாக.
கட்டிப்போட்ட பின் முனகுவது.
"வஜ்ரா, கவனம்!"

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. வஜ்ரனுக்குப் பேசுகிறவர் மாலை வரை இருப்பார். வஜ்ரன் தலைவன். தலைவனுக்கு வசனம் பக்கம் பக்கமாக.

திரும்பும் வண்டியில் இரண்டு காலேஜ் பெண்கள். "ஃபர்ஸ்ட் பார்ட்லாம் சும்மா. செகண்ட் பார்ட்தான்டி தூள்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மண்ணெண்ணெய் வாங்க மறந்தாச்சு.

நவம்பர் 5, புதன்

வேலை இல்லை. லேசான வெயில். தோசைக்கு அரைத்தேன். தேவா நைட் டூட்டி முடிந்து மகாபலிபுரத்திலிருந்து வந்தார். ஓட்டல் ரிசப்ஷனில் நின்று நின்று கால் வீக்கம். சாப்பிட்டதும் படுக்கை. அவர் தூங்கும்போது வீட்டில் பகலே மெதுவாக நடக்கிறது. நானும் நுனிக்காலில்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவின் மகள் ப்ரியா, ஆறாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினாள். இவங்கதான் நிழல் என்று என்னைக் காட்டினாள், பெருமையாக. "அக்கா, ஒரு டயலாக் சொல்லுக்கா."

எதைச் சொல்ல? யோசித்தேன், யோசித்தேன், ஒன்றுமே இல்லை. கடைசியில் "வஜ்ரா, கவனம்" என்றேன். தோழிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "இவ்ளோதானா?" ப்ரியாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்காக அவள் வெட்கப்பட்டாள். அதுதான் தாங்கவில்லை.

சர்ச்சில் நான் வாசகம் படித்தால் கடைசி பெஞ்சு வரை கணீரென்று கேட்கும். ஃபாதர் சொல்லித்தான் இந்த வேலைக்கே போனேன். முதல் பாகத்தில் நாலு வாக்கியமாவது வந்தது, இதில் அதுவும் போச்சு. எனக்கு ஒன்று வேண்டும். யாராவது கேட்டால் சொல்ல, ஒரே ஒரு முழு வசனம். வேறு பேராசை இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து, மீன் வாங்கி, டி.வி. முன்னால். எபி. 21 ஒளிபரப்பு. எங்கள் வீட்டில் கேபிள் தெளிவாக வரும் என்று தெருப் பிள்ளைகள் மொத்தமும் இங்கேதான். நடுவில் தேவா. பிள்ளைகளை விட மோசம்.

ஊர் இடிகிறது. ஐவரும் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் நெருப்பு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உடனே இங்கே கைதட்டல். நான் மீன் கழுவப் போய்விட்டேன்.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்று. தேவாவுக்கு அதிர்ச்சி. உனக்குச் சோறு போடுகிற தொடராயிற்றே என்றார். சோறு வேறு, கதை வேறு என்றேன். ஐவர் என்று பெயர், பேசுவது என்னவோ நாலு பேர்.

"எல்லாரும் பேசிகினே இருந்தா சண்ட யாரு போட்றது?"

பிறகு சமாதானத்துக்கு, நான் கத்துகிற மாதிரி யாராலும் கத்த முடியாது என்றார். பாராட்டுதான். மனசில் ஒட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எஸ்தர் அக்கா, "பேரு பெத்த பேரு, தாகத்துக்கு நீலு லேது" என்றார். பேர் பெரிசு, குடிக்கத் தண்ணீர் இல்லை. அக்கா ஒரு எபிசோட் கூடப் பார்த்ததில்லை. எனக்குப் பரிந்து பேசினாராம்.

நவம்பர் 12, புதன்

மழை. கரண்ட் இல்லை. வேலையும் இல்லை. இரண்டாம் பாகம் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதிப் பார்க்கிறேன், வெறும் பொறாமைதானா என்று தெரிந்துகொள்ள.

1. முதல் பாகத்தில் சாப்பிட்டார்கள். ஒரு ரொட்டிக்கு ஐந்து பேரும் அடித்துக்கொண்டார்கள். இதில் யாருக்கும் பசியே கிடையாது.

2. இந்த ஞாயிறு இடிந்த ஊர் அடுத்த ஞாயிறு முழுசாக நிற்கிறது. கூட்டிப் பெருக்கியது யார்?

3. எதிரியோடு போய்ச் சேர்ந்துகொண்டவன் திரும்பி வருகிறான். ஒருவர் கூட "எங்கேடா போயிருந்தாய்" என்று கேட்கவில்லை. திருப்போரூர் மனை விஷயத்தில் பெரியப்பா கோபித்துக்கொண்டு ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அதை இன்னும் பேசுகிறோம்.

4. முதலில் நிழலுக்கு உயரம் என்றால் பயம். அதனாலேயே அவளைப் பிடித்தது. இப்போது பயமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. கட்டிப்போடுவார்கள், வஜ்ரன் வந்து அவிழ்ப்பான்.

5.

ஐந்தாவது தோன்றவில்லை. ஓட்டின் மேல் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பேனா கையில், கண் எங்கேயோ. நான் இந்தக் கதையைப் பார்ப்பதே துண்டு துண்டாக, நான் வருகிற இடம் மட்டும். கோர்த்துப் பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். பொறாமையும் உண்டு. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

நவம்பர் 14, வெள்ளி

தேவாவுக்கு லீவு. எங்கே போகலாம் என்றால் மகாபலிபுரமாம். லீவிலும் அங்கேயேவா? டூட்டியில் நிற்கிறவனுக்குக் கடல் கண்ணில் படாதாம். சரி என்று கழுக்குன்றம் வழி பஸ் ஏறினோம்.

கடற்கரைக் கோயிலைத் தாண்டி மணலில் உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. வானமும் கடலும் சாம்பல் நிறம். அலை வருவது கேட்டது, போவது கேட்கவில்லை. மடியில் சுண்டல் பொட்டலம். கண் சொக்கிவிட்டது. தூக்கமா விழிப்பா தெரியாது, நிழல் தண்ணீர் ஓரமாக நடந்து வந்தாள். முகமூடி கழற்றவில்லை. என் எதிரில் நின்று ஏதோ பேசினாள், சத்தம் வரவில்லை. நான்தான் குரல் கொடுக்கவேண்டும், என்ன வசனம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விழித்துப் பார்த்தால் தேவா என் செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஐந்து ரதம். கைடு ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: திரௌபதிக்குத் தனி ரதம், குடிசை மாதிரி சின்னது. நகுலனுக்கும் சகாதேவனுக்கும் சேர்த்து ஒன்று. இரண்டு பேர் ஒண்டிக்கொண்டாவது அவளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பாருங்கள் என்றேன் தேவாவிடம். "எதுக்கு எடுத்தாலும் ஐவர் படையா உனக்கு?" என்றார். பஸ்ஸில் அவர் தோளில் தலை. வீடு வந்ததே தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது.

கடைசி எபி. டப்பிங். கோட்டை இடிகிறது. இரும்புக் கதவு. மூன்று பேர் வெளியே ஓடிவிட்டார்கள். கதவை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி வஜ்ரனும் நிழலும். பிறகு வஜ்ரனும் தாவி வெளியே. நிழல் மட்டும் உள்ளே நின்று கதவைச் சாத்துகிறாள். கோட்டை அவள் மேல் விழுகிறது. ஒரு வார்த்தை கிடையாது. இசை மட்டும். என் வேலை ஒரு பெருமூச்சு.

உயிரை விடுகிறவளுக்கு ஒரு வார்த்தை கூடவா இல்லை? வசனம் எழுதும் கணேசன் சாரிடம் கேட்டேவிட்டேன். நான் அவரிடம் எதுவும் கேட்டதே இல்லை. முகமூடிதானே சார், உதடு தெரியாது, எது பேசினாலும் பொருந்தும் என்றேன். மூலத்தில் இல்லாததை எப்படிம்மா சேர்ப்பது என்று இழுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் மூர்த்தி அண்ணன். "ஒரு டேக்குதான சார், வுடுங்க."

என்ன பேசப்போகிறாய் என்றார் சார். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. விளக்கு எரிந்தது, திரையில் அவர்கள் ஓடினார்கள், வாய் தானாகச் சொன்னது.

"நீங்க கிளம்புங்க. கதவ நான் சாத்திக்கிறேன்."

கத்தவில்லை. முனகவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். கணேசன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைத்துக்கொள்ளலாம் என்றார்.

வண்டியில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வண்டலூர், ஊரப்பாக்கம், எல்லா ஸ்டேஷன் விளக்கும் ஈரத் தரையில் நீளமாக. எனக்கு ஒரு வசனம் இருக்கிறது. தனியாகச் சிரித்திருப்பேன் போல, எதிரிலிருந்த பூக்காரம்மா கூடையை நகர்த்திக்கொண்டார்.

நவம்பர் 21, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை, தேவாவிடம் கூட. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். ப்ரியாவிடம் மட்டும், கடைசி எபிசோடைத் தவறவிடாதே என்றேன். ஏன் என்றாள். சும்மா என்றேன்.

அரிசி. ஏலக்காய். தேவா சட்டைக்குப் பட்டன்.

அவர் தூங்கும்போது அடுக்களையில் மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

வீடு நிறைய ஆள். எஸ்தர் அக்கா கூட முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அடுக்களை நிலைப்படியில் நின்றேன். கோட்டை வந்தது. கதவு வந்தது.

வசனமும் வந்தது. வஜ்ரன் குரலில்.

இடி மாதிரி. எதிரொலி வேறு போட்டிருந்தார்கள். அவன் முதுகு காட்டி நின்றான், உதடு தெரியாது. நீங்க கிளம்புங்க, கதவ நான் சாத்திக்கிறேன் என்று முழங்கிவிட்டு, அடுத்த நொடி வஜ்ரன் தாவி வெளியே. கதவைச் சாத்தியது நிழல். சொன்னது அவன், செய்தது அவள். அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. தேவா எழுந்து நின்று விசில் அடித்தார். ப்ரியா திரும்பி, சூப்பர் என்று எனக்குக் கை காட்டினாள். பெருமூச்சு மட்டும் என்னுடையது.

கொதித்து இறக்கிய குழம்பைப் போய்க் கிளறிக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

பூத்திலிருந்து மூர்த்தி அண்ணனுக்குப் போன். பாவம், அவருக்கும் சங்கடம். சேனல்காரர்கள் கேட்டார்களாம். ரொம்பப் பிடித்துவிட்டதாம். பிடித்ததால்தான் வஜ்ரனுக்குக் கொடுத்தார்களாம். "வெயிட்டான டயலாக்கு, ஹீரோ சொன்னாத்தான் எடுபடும்னாங்கம்மா. கோச்சிக்காத." கோபமெல்லாம் இல்லை அண்ணா என்றேன். பொய்.

ஐந்தாவது காரணம் கிடைத்துவிட்டது. எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

ஊரெல்லாம் அதே வசனம். தெருக் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடுகிறவன் சொல்கிறான். செங்கை பஸ் ஸ்டாண்டில் அச்சரப்பாக்கம் பஸ் கண்டக்டர், ஆளை எல்லாம் ஏற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்துச் சொல்கிறார். வண்டியில் ஒரு பெண், "அந்த ஒரு டயலாக்குக்கே இந்த பார்ட்டுக்கு எவ்ளோ வேணா குடுக்கலாம்" என்கிறாள். எல்லாரும் அடித்தொண்டையில்தான்.

கேட்க இனிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. பாதித் தூக்கத்தில் தோன்றியது, என் வாயிலிருந்து போன வார்த்தைகள் ஊர் சுற்றுகின்றன, வீட்டுக்கு வழி தெரியவில்லை. அதற்குள் சிங்கப்பெருமாள் கோயில் வந்துவிட்டது. இறங்க இன்னும் நேரம் இருந்தது. ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 6, சனி

மழை விட்டுக் குளிர். தேவா சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்ப, இட்லி வைத்தேன், காரச் சட்னி. கடைசி இட்லியை முடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, வஜ்ரன் குரலில் அதைச் சொன்னார். இந்த வாரம் எத்தனையாவது தடவையோ. "இன்னா டயலாக்கு. யாரு எழுதுனானோ, கில்லாடி."

அது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். விளக்கப் போனால் நீளும். தட்டை எடுத்துக்கொண்டே, ஸ்டுடியோவில் எப்படிச் சொன்னேனோ அப்படியே சொன்னேன்.

"நீங்க கிளம்புங்க. கதவ நான் சாத்திக்கிறேன்."

"சரி, வரேன்" என்றார். ஷூவை மாட்டினார், குடையை எடுத்தார், போய்விட்டார்.

அப்படியே நின்றேன். அவன் சொன்னால் விசில், நான் சொன்னால் குடை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அழுதேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தட்டு இன்னும் கையில்தான்.

தெருமுனை வரை போயிருப்பார். ஷூ சத்தம் திரும்பி வந்தது, வேகமாக. கதவைத் தட்டவில்லை. வெளியே மூச்சு இரைப்பது கேட்டது.

"ஸ்டெல்லா. அது நீயா?"

ஆமாம் என்றேன்.

பிறகு, மெதுவாக, "இன்னொரு தபா சொல்லு."

கதவைத் திறக்காமலே சொன்னேன்.